ஊசி தெரியும், முகம் தெரியாது

நகரப் பேருந்தில் ஒருவர் மடக்கிய வெள்ளைக்கோலை மடியில் வைத்துக்கொண்டு செல்போனில் செய்தி படித்துக்கொண்டிருந்தால் சுற்றியிருப்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை. நடத்துநர் பயண அட்டையை இரண்டு தரம் திருப்பிப் பார்ப்பார். "கண்ணு தெரியலன்னு பாஸ் வாங்கிருக்காரு, போன் மட்டும் நல்லாத் தெரியுது" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வரும். அவர் பதில் சொல்ல மாட்டார். பலமுறை சொல்லிப் பார்த்து விட்டுவிட்டவராக இருப்பார்.

சட்டம் அவர் பக்கம்தான் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பார்வையின் கூர்மையை மட்டும் அளந்து நிறுத்திக்கொள்வதில்லை, பரப்பையும் அளக்கச் சொல்கிறது. இரண்டில் நல்ல கண்ணில், கண்ணாடி போட்ட பிறகும், கூர்மை 3/60க்குக் கீழே இருந்தால் பார்வையின்மை. பார்வைப் புலம் 10 பாகைக்குள் சுருங்கிவிட்டாலும் பார்வையின்மைதான். கையை நீட்டி முஷ்டியை மடக்கிப் பாருங்கள், அந்த முஷ்டியின் அகலம் ஏறத்தாழ 10 பாகை. உலகம் அவ்வளவுக்குள் அடங்கிப்போன ஒருவருக்கு அந்த வட்டத்துக்குள் விழும் எழுத்து பொடி எழுத்தாக இருந்தாலும் துல்லியமாகத் தெரியலாம். காலடியில் இருக்கும் குடம் தெரியாது. பக்கவாட்டில் வரும் ஸ்கூட்டர் தெரியாது. கோல் அதற்கு, செல்போன் இதற்கு. இரண்டும் ஒரே ஆளிடம் இருப்பதில் பொய் எதுவும் இல்லை.

ரெட்டினைடிஸ் பிக்மென்டோசா என்ற பரம்பரை நோய் இப்படித்தான் வேலை செய்கிறது. விழித்திரையில் மங்கிய ஒளியைப் பிடிக்கும் செல்கள் முதலில் சாகும். மாலைக்கண்ணில் தொடங்கி ஓரங்கள் தின்னப்பட்டு, நடு மட்டும் பல ஆண்டுகள் தாக்குப்பிடிக்கும். தாய்மாமனையும் அத்தை மகனையும் கட்டிவைத்தே சொத்தையும் சொந்தத்தையும் காப்பாற்றிய நம் குடும்பங்களில் இதன் சில வகைகள் வெளிப்படும் வாய்ப்பு கூடுதல், ஒரே பழுதான மரபணு அப்பா வழியிலும் அம்மா வழியிலும் வந்து சேர்ந்துவிடுகிறது. ஆனால் வீட்டில் அது நோயாக அறிமுகமாவதில்லை. கவனமில்லாத பிள்ளை, எதையாவது தட்டிவிடும் பிள்ளை, இருட்டினால் வெளியே போகப் பயப்படும் பிள்ளை என்றுதான் அறிமுகமாகிறது.

இதற்கு நேர் எதிர்த் திசையில், விழித்திரையின் நடுப்பகுதியான மாக்குலாவின் நோய்கள். நடு போய்விடும், ஓரம் இருக்கும். வயதானவர்களுக்கு வருவது ஒரு வகை, ஸ்டார்கார்ட் போல இளம் வயதிலேயே வருவது இன்னொரு வகை. இவர்கள் வீட்டுக்குள் எதிலும் இடிக்காமல் நடப்பார்கள். தரையில் கிடக்கும் ஊசியின் மினுக்கம் கடைக்கண்ணில் பட்டுவிடும். எதிரே நின்று பேசும் மருமகளின் முகம் தெரியாது, பார்க்கும் இடமெல்லாம் சாம்பல் பூத்தாற்போல ஒரு திட்டு முன்னால் வந்து நிற்கும். "ஊசி தெரியுது, என் மூஞ்சி தெரியலயாம்" என்று மருமகள் சொல்வது கோபத்தில்தான், ஆனால் அவர் சொன்னது மருத்துவரீதியாக மிகச் சரியான விவரணை.

கண் மருத்துவமனைகளில் லோ விஷன் பிரிவு என்று ஒன்று இருக்கும். பெரும்பாலும் ஒரு மூலையில், ஓரிரு அறைகளில். அறுவை சிகிச்சை, மருந்து, சாதாரணக் கண்ணாடி எல்லாம் முடிந்தபின், "இனிமே செய்யறதுக்கு ஒண்ணுமில்லை" என்று மருத்துவர் சொன்ன பிறகு வரவேண்டிய இடம் அது. அங்கே இருக்கும் ஆப்டோமெட்ரிஸ்டும் பயிற்சியாளரும் செய்கிற வேலை லென்ஸ் கொடுப்பது என்று பொதுவாக நினைக்கிறோம். அதற்கு முன்னால் வேறொரு வேலை இருக்கிறது என்பது என் எண்ணம். வந்திருப்பவர் பொய் சொல்லவில்லை என்பதற்கு அவர்கள் சாட்சியாக இருக்கிறார்கள். எந்த இடத்தில் பார்வை இருக்கிறது, எந்த இடத்தில் இல்லை என்று வரைபடம் போட்டு, அதைக் குடும்பத்தின் முன்னால் விரித்து வைக்கிறார்கள். சில சமயம் அந்தச் சாட்சி முதலில் தேவைப்படுவது வந்திருப்பவருக்கே. பல காலம் சந்தேகிக்கப்பட்டவர்களுக்குத் தங்கள்மீதே சந்தேகம் வந்துவிடுகிறது, நாம்தான் மிகைப்படுத்துகிறோமோ என்று.

கண் நிலையாக நிற்காமல் ஆடிக்கொண்டே இருக்கும் குழந்தைகள் உண்டு. ஒரு குறிப்பிட்ட கோணத்தில் தலையைத் திருப்பிச் சாய்த்துக்கொண்டால் அந்த ஆட்டம் அடங்கும் அல்லது குறையும், அப்போதுதான் எழுத்து பிடிபடும். குழந்தை யாரும் சொல்லித்தராமல் அந்தக் கோணத்தைத் தானே கண்டுபிடித்து வைத்திருக்கும். பள்ளியில் "நேரா உக்காந்து நேரா பாரு" என்று தலையைப் பிடித்துத் திருப்புவார்கள். மாக்குலா போனவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமானால் காதுக்கு அருகிலோ நெற்றிக்கு மேலோ பார்வையை வைக்கவேண்டும், அப்போது முகம் ஓரத்துப் பார்வையில் விழும். நம்மிடம் பேசும்போது வேறெங்கோ பார்க்கிறார், மரியாதை இல்லை என்று எடுத்துக்கொள்கிறோம். அவர் நம்மைப் பார்ப்பதற்காகத்தான் அங்கே பார்க்கிறார். லோ விஷன் பயிற்சியில் ஒரு முக்கியப் பகுதி இதுதான்: கடிகார முகப்பைப் போல ஒரு படத்தைக் காட்டி, நடுப்புள்ளி எப்போது தெளிகிறது, பத்து மணியைப் பார்க்கும்போதா, இரண்டு மணியைப் பார்க்கும்போதா என்று தேடுவது. இடம் கிடைத்துவிட்டால் அங்கேயே பார்வையை நிறுத்திப் பழக்குவது. பிறந்ததிலிருந்து நடுவால் பார்த்துப் பழகிய மூளை சுலபத்தில் சம்மதிக்காது. மறுபடி மறுபடி பழைய இடத்துக்கே ஓடும்.

இருக்கிற பார்வையைப் பழக்கலாம் என்ற இந்த எண்ணம் மிகப் பழையது அல்ல. இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதி முழுக்க இதற்கு நேர்மாறாகத்தான் நம்பினார்கள். 1908இல் லண்டனில் கிட்டப்பார்வை முற்றிய பிள்ளைகளுக்கென்று தனி வகுப்பு தொடங்கினார்கள். அங்கே புத்தகம் கிடையாது. பாடமெல்லாம் வாய்வழி, எழுத வேண்டுமானால் கரும்பலகையில் சாக்பீஸால் பெரிது பெரிதாக. 1913இல் பாஸ்டனிலும் அப்படி ஒன்று வந்தது. பார்வையைச் சேமிக்கும் வகுப்பு என்றே அவற்றுக்குப் பெயர் வந்தது. பார்வையற்றோர் பள்ளிகளில் ஓரளவு பார்வை உள்ள பிள்ளைகள் பிரெய்ல் புள்ளிகளைத் தடவாமல் கண்ணால் எட்டிப் பார்த்துப் படித்துவிடுகிறார்கள் என்று கண்ணைக் கட்டிவிட்டுச் சொல்லிக்கொடுத்த ஆசிரியர்களும் இருந்தார்கள். விளக்கில் மிச்சமிருக்கும் எண்ணெயைப் போலப் பார்வையும் எரிக்க எரிக்கத் தீரும் என்பது இவற்றின் பின்னால் இருந்த நம்பிக்கை. நம் வீடுகளில் அது இன்னும் தீரவில்லை. "கிட்ட வைச்சுப் படிக்காத, இருக்கிற கண்ணும் போயிரும்" என்று சொல்லாத அம்மா உண்டா?

அதை அசைத்தவர் நேட்டலி பராகா என்ற அமெரிக்க ஆசிரியை. அவருடைய மகளுக்கே பார்வைக் குறைபாடு இருந்தது. டெக்சாஸில் பார்வையற்றோர் பள்ளியில் வேலை பார்த்தபோது, ஓரளவு பார்வையிருந்தும் விரலால் மட்டுமே படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளை எடுத்து, வடிவங்களைப் பிரித்தறியச் சில வாரங்கள் முறையாகப் பயிற்சி கொடுத்தார். முடிவுகள் 1964இல் புத்தகமாக வந்தன. பார்வையை அளக்கும் பலகையில் அந்தப் பிள்ளைகளின் எண் ஏறவில்லை. அதே எண்ணை வைத்துக்கொண்டு அவர்கள் முன்பைவிட அதிகம் பார்த்தார்கள். கண் கொண்டுவந்து கொட்டுவதை மூளை எப்படிப் பொறுக்குகிறது என்பதில்தான் வித்தியாசம் நடந்திருந்தது. கிட்ட வைத்துப் படிப்பதும் இதே கணக்கில் சேர்ந்தது. 40 சென்டிமீட்டரில் இருக்கும் புத்தகத்தை 10 சென்டிமீட்டருக்குக் கொண்டுவந்தால் எழுத்து விழித்திரையில் நான்கு மடங்கு பெரிதாக விழும். காசில்லாத பூதக்கண்ணாடி. குழந்தையின் கண்ணுக்கு அவ்வளவு அருகில் குவிக்கும் திறனும் இருக்கிறது, நமக்குத்தான் நாற்பதுக்கு மேல் போய்விடுகிறது.

இன்னொருவரையும் சொல்லவேண்டும். சாமுவேல் ஜெனென்ஸ்கி. பிறந்தவுடன் கண்ணில் தவறான சொட்டுமருந்து விடப்பட்டு ஒரு கண் முழுதும் மறு கண் பெரும்பாலும் போனவர். பள்ளியில் கரும்பலகை தெரியாததால் பைனாகுலரைக் கொண்டுபோய் வகுப்பில் வைத்துப் பார்த்தார். அதே பிடிவாதத்தோடு கணிதம் படித்து முனைவரானார், ராண்ட் நிறுவனத்தில் சேர்ந்தார், 1960களின் கடைசியில் தொலைக்காட்சி கேமராவையும் திரையையும் இணைத்துப் புத்தகப் பக்கத்தைப் பெரிதாக்கிக் காட்டும் கருவியை உடன் வேலை பார்த்தவர்களோடு சேர்ந்து செய்தார். இன்று லோ விஷன் பிரிவுகளின் மேசையில் இருக்கும் வீடியோ மேக்னிஃபையர் அதன் பேரப்பிள்ளை. பைனாகுலரோடு வகுப்புக்குப் போன அந்தப் பையனைத்தான் நான் அதிகம் யோசிக்கிறேன். மொத்த வகுப்பும் திரும்பிப் பார்த்திருக்கும்.

அப்படிப் பிறர் திரும்பிப் பார்ப்பதைத் தாங்கமுடியாமல் போன பெரிய மனிதர்களும் உண்டு. ஆல்டஸ் ஹக்ஸ்லி பதினாறு வயதில் கருவிழி அழற்சியால் ஏறக்குறைய பார்வையை இழந்தார், பிரெய்ல் கற்றார், பிறகு ஓரளவு மீண்டார். நடுவயதில் பேட்ஸ் என்ற அமெரிக்க மருத்துவரின் கண்ணாடியில்லாக் கண் பயிற்சிகளில் நம்பிக்கை வைத்து, 1942இல் அதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். 1952இல் ஹாலிவுட் விருந்து ஒன்றில் அவர் கண்ணாடி இல்லாமல் தாளைப் பார்த்துச் சரளமாக உரை வாசித்ததைப் பதிப்பாளர் பென்னட் செர்ஃப் எழுதியிருக்கிறார். திடீரென்று தடுமாறினாராம். உரை முழுவதையும் மனப்பாடம் செய்துவந்திருந்தவருக்கு ஓர் இடம் மறந்துபோய், தாளைக் கண்ணருகே கொண்டுவந்து, கொண்டுவந்து, கடைசியில் சட்டைப்பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தாராம். பேட்ஸ் முறையின் தோல்விக்கு ஆதாரமாக இதைச் சொல்வார்கள். அந்த முறைக்கு அறிவியல் அடிப்படை இல்லை என்பது உண்மைதான். எனக்கு அதில் ஹக்ஸ்லியைக் கேலிசெய்யத் தோன்றுவதில்லை. மனப்பாடம், ஊகம், குரலை வைத்து ஆளை அறிதல், எல்லாரும் சிரிக்கும்போது சேர்ந்து சிரித்தல் என்று பார்வை குறைந்தவர்கள் அன்றாடம் நடத்துகிற நாடகத்தை அவர் மேடையில் நடத்தியிருக்கிறார். பையிலிருந்து கண்ணாடியை எடுத்த கணத்தில் நாடகம் முடிந்தது. லோ விஷன் பயிற்சியாளர் அவரைச் சந்தித்திருந்தால் அங்கிருந்துதான் தொடங்கியிருப்பார்.

பேட்ஸ் வழிப் பயிற்சிக்குப் புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தைச் சார்ந்து ஒரு பள்ளி உண்டு என்பதும், அதே அரவிந்தரின் பெயரால் மதுரையில் 1976இல் 11 படுக்கைகளோடு ஒரு கண் மருத்துவமனை எழுந்தது என்பதும் வரலாற்றின் குறும்பு. அதைத் தொடங்கிய டாக்டர் கோவிந்தப்பா வெங்கடசாமிக்கு முப்பது வயதையொட்டி முடக்குவாதம் வந்து விரல்கள் நிரந்தரமாகக் கோணின. மகப்பேறு மருத்துவத்தை விட்டுவிட்டுக் கண்ணுக்கு வந்தார். கோணிய விரல்களுக்குக் கத்தியைப் பிடிக்கப் பழக்கி, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சைகள் செய்தார். விரலை நேராக்க முடியவில்லை. கத்தியின் பிடியை மாற்ற முடிந்தது. அங்கே பார்வை மறுவாழ்வுப் பிரிவுக்கு அனுப்பப்படும் ஒருவரிடம் யாரும் இந்தக் கதையைச் சொல்கிறார்களா தெரியாது. சொல்லலாம்.

அந்தப் பிரிவுகளில் நல்லவை எங்கிருந்தாலும், "எவ்வளவு தெரியுது?" என்று முதலில் கேட்பதில்லை. "என்ன செய்ய முடியாம இருக்கு?" என்று கேட்கிறார்கள். பதில்கள் சின்னதாக இருக்கும். மருந்துச் சீட்டைப் படிக்கணும். பஸ் நம்பர் தெரியணும். அரிசியில் கல் பார்க்கணும். பேத்திக்குப் பேன் பார்க்கணும். வங்கியில் கைநாட்டு வைக்கச் சொல்லிவிட்டார்கள், கையெழுத்துப் போடணும். கடைசி ஆசைக்கு லென்ஸே வேண்டாம், கறுப்பு அட்டையில் கையெழுத்து அளவுக்கு ஒரு சன்னல் வெட்டிக் கொடுத்தால் போதும், அதைச் சரியான இடத்தில் வைத்து உள்ளே எழுதிவிடலாம். இந்த அட்டைக்கு என்ன விலை வைப்பது என்று தெரியாததால்தானோ என்னவோ, பெரிய மருத்துவத்தில் இதற்கு மதிப்பு குறைவு.

லென்ஸ் கொடுக்கும்போது ஏமாற்றம் காத்திருக்கிறது. 20 டயாப்டர் லென்ஸ் எழுத்தை ஐந்து மடங்கு பெரிதாக்கும், ஆனால் அதைக் கண்ணாடியாகப் போட்டுக்கொண்டால் தாளை 5 சென்டிமீட்டரில் பிடிக்க வேண்டும், மூக்கு தாளில் உரசும். சொந்தத் தலையின் நிழலே எழுத்தின்மேல் விழும். ஒரு பார்வைக்கு இரண்டு மூன்று சொற்கள்தான் அகப்படும். பேப்பரைக் கொடுத்தால் பழையபடி படித்துவிடலாம் என்று வந்தவர் ஒரு பத்தியில் களைத்துப்போவார். பயிற்சியாளர் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், சொல்லாவிட்டால் லென்ஸ் அன்றே பெட்டிக்குள் போய்விடும்.

கூர்மையைவிட அடுக்களையில் முக்கியமானது வேறொன்று. எழுத்துகளெல்லாம் ஒரே அளவில் இருந்து, மும்மூன்றாக வெளுத்துக்கொண்டே போகும் ஒரு பலகை உண்டு. பெல்லியும் ராப்சனும் 1988இல் வெளியிட்டது. எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே உள்ள கருமை-வெண்மை வேறுபாடு எவ்வளவு குறையும்வரை கண்ணுக்குப் பிடிபடுகிறது என்பதை அது அளக்கும். இதில் தோற்பவருக்கு நம் சமையலறையைப் போல ஒரு வதை கிடையாது. எவர்சில்வர் தட்டில் எவர்சில்வர் டம்ளர், அதில் தண்ணீர், பக்கத்தில் எவர்சில்வர் கரண்டி, மேலே டியூப்லைட் பட்டு எல்லாம் ஒன்றாகக் கூசும். வெள்ளைத் தரையில் வெள்ளைக் கோலமாவு. பயிற்சியாளர் வீட்டுக்குப் போனால் முதலில் செய்வது பாத்திரங்களைப் பிரிப்பதாகத்தான் இருக்கும்: சோற்றுக்குக் கரும்பச்சைத் தட்டு, வெள்ளை உளுந்து பார்க்க ஒரு கறுப்புத் தட்டு, கறுப்பு எள் பார்க்க ஒரு வெள்ளைத் தட்டு, மாடிப்படி ஓரங்களுக்கு மஞ்சள் பெயின்ட், விளக்கு தலைக்கு மேலே வேண்டாம், தோளுக்குப் பின்னால். இதற்கெல்லாம் குறுக்கே நிற்பது அரசாங்கமே சில சமயம். இப்போதைய 200 ரூபாய்த் தாளும் 500 ரூபாய்த் தாளும் உயரத்தில் ஒன்று, நீளத்தில் 4 மில்லிமீட்டர்தான் வித்தியாசம். விரல் அளந்து சொல்வதற்குள் காய்கறிக்காரர் பொறுமை இழந்துவிடுவார். பிறகு 2020இல் ரிசர்வ் வங்கியே தாளை அடையாளம் சொல்ல மணி என்று ஒரு செயலியை வெளியிட்டது. நீளத்தைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்து அச்சடித்திருந்தால் தீர்ந்திருக்க வேண்டிய பாதிச் சிக்கலுக்கு இன்று செல்போன் வேண்டியிருக்கிறது.

என் பெரியம்மாவுக்கு மாக்குலா போனபோது நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். லென்ஸ், விளக்கு எல்லாம் பேசி முடித்தபின் அந்த ஆப்டோமெட்ரிஸ்ட் பெண் சாதாரணமாக, "பாட்டி, சில பேருக்கு இல்லாத ஆளுங்க, பூ, கட்டடமெல்லாம் கண்ணு முன்னாடி வரும். உங்களுக்கு அப்படி எதுவும் வருதா?" என்று கேட்டாள். பெரியம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார், அதாவது என் காதுப் பக்கமாக. பிறகு குரலை இறக்கி, "சின்னப் பிள்ளைய வருதும்மா. பட்டுப் பாவாடை கட்டிக்கிட்டு வரிசையா உக்காந்திருக்கும். ஒண்ணும் பேசாது. இவன்ட்டல்லாம் சொன்னா கோடங்கிக்கிட்ட கூட்டிட்டுப் போயிருவான்னு சொல்லல" என்றார். ஜெனிவாவைச் சேர்ந்த சார்ல் போனே தொண்ணூறை நெருங்கிய தன் தாத்தாவுக்கு இப்படி ஆண்களும் பெண்களும் பறவைகளும் வண்டிகளும் தெரிந்ததை 1760இலேயே எழுதிவைத்திருக்கிறார், அந்த நிலைக்கு அவர் பெயர்தான். கண்ணிலிருந்து சேதி வருவது குறைந்துவிட்ட மூளை, காலி இடத்தைத் தானே நிரப்பிக்கொள்கிறது. புத்திக்கு ஒன்றுமில்லை. அந்தப் பெண் இதை இரண்டு வாக்கியத்தில் சொன்னாள். வரும் வழியில் ஆட்டோவில் பெரியம்மா அந்தப் பிள்ளைகளின் பாவாடை நிறங்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். மாதக்கணக்கில் தனியாக வைத்திருந்த ரகசியம். கேட்கத் தெரிந்த ஒருத்தி கேட்கும்வரை வெளியே வரவில்லை.

இவ்வளவு இருந்தும் கொடுக்கப்படும் கருவிகளில் கணிசமானவை மேசை இழுப்பறையில் கிடக்கின்றன என்பதை இந்தத் துறையினரே ஒளிக்காமல் சொல்வார்கள். காரணம் கருவியின் விலை மட்டும் அல்ல. முழுதாகத் தெரிகிறவர் போலவோ முழுதாகத் தெரியாதவர் போலவோ இருந்துவிடுவது சுலபம், ஊர் அந்த இரண்டையும் அறிந்திருக்கிறது. இடையில் இருப்பவர் ஒவ்வொரு தடவையும் விளக்கம் சொல்ல வேண்டும். பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் லென்ஸ் முதலில் ஒளித்து வைக்கப்படும். பள்ளிப் பையன்களிடம் இது இன்னும் கடுமை. ஒரு கண்ணில் வைத்துக் கரும்பலகையைப் பார்க்கும் கட்டைவிரல் நீளத் தொலைநோக்கியைப் புத்தகப்பைக்குள்ளேயே வைத்திருந்து, எழுதாத நோட்டோடு வீடு திரும்புவார்கள்.

ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவனுக்கு ஒரு பயிற்சியாளர் செய்த காரியத்தைக் கேள்விப்பட்டேன். பள்ளிக்கே போய், ஒரு பாடவேளை முழுவதும் அந்தத் தொலைநோக்கியை வகுப்பில் சுற்றவிட்டிருக்கிறார். ஆளாளுக்கு வாங்கிச் சன்னல் வழியே மரத்து அணிலையும் எதிர்வீட்டு மாடியையும் ஹெட்மாஸ்டரின் வழுக்கையையும் பார்த்திருக்கிறார்கள். வாத்தியாரும் பார்த்திருக்கிறார். மறுநாளிலிருந்து அதில் பார்க்க யாருக்கும் ஒன்றும் இல்லாமல் போனது. பையன் இப்போது அதை எடுத்துப் போர்டைப் பார்க்கிறான். ஒரு வரி பார்த்து, இறக்கி வைத்து, நோட்டில் எழுதி, மறுபடி எடுத்து விட்ட இடத்தைத் தேடிப்பிடிப்பதற்குள் வாத்தியார் போர்டை அழித்துவிடுகிறார் என்பது அவனுடைய அடுத்த புகார்.